மதினியிடம் நான் ஒத்துக்கொண்ட ஒரே நாள்

ஆனைக்கரையிலிருந்து மகள் ரோஸி போன் செய்தபோது, நான் சித்திரபுரத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். “அம்மா, அத்தை போயிட்டாங்க” என்றாள். அவளுடைய மாமியார், என் சம்பந்தி ஞானம்மாள். நாங்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். நெஞ்சு வலிக்கிறது என்று தண்ணீர் கேட்டாராம். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டு நின்றேன்.

ஏலக்காட்டில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், மாதா கோயிலில் பக்கத்தில் நின்று பாடியவர்களுக்கும் அவர் தொண்டையைத் தெரியும். எங்கள் பேத்தி ஜெனி பாடினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். அந்தக் குரல் யார் வழி வந்தது என்பதுதான் எங்கள் இருவருக்கும் ஓயாத வழக்கு.

“எங்க வம்சம்லா மதினி” என்பார்.

“உங்க பாட்டைக் கேட்டா காலைக் கடிச்ச அட்டைகூட எறங்கி ஓடிரும்” என்பேன்.

சிரிப்பார், விடமாட்டார். “வழக்கு தீந்துட்டா நமக்குப் பேச என்ன இருக்கு?” என்பது அவர் வாக்கு.

போன மழைக்காலத்தில் என் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தது. கோட்டயத்தில் ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். ஆனாலும் சில நாள் கழித்து மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கக்கூடும், ஆளிடம் சின்ன மாற்றம் தெரிந்தாலும் கூப்பிடுங்கள் என்று கூட இருந்த ரோஸியிடமும் மதினியிடமும் நர்ஸ் சொல்லியிருந்தாராம். ஒரு வாரம் போல நன்றாகவே இருந்தேன். படுத்தபடியே மதினியோடு வாயாடினேன்.

ஒரு நாள் காலை கஞ்சி ஊட்ட வந்தவர், வழக்கம்போல, “ஜெனி கொரலு எங்க வம்சம்தான்” என்றார்.

“ஆமா மதினி” என்றேனாம்.

ரோஸிக்கு ஒரே சந்தோஷம். “இப்பவாவது ரெண்டு பேரும் சமாதானமானீங்களே!”

மதினி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். “கிறுக்கி, சமாதானமா இது? உங்க அம்மை ஒத்துக்கிட்டாடீ! ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிடு!”

டாக்டர் வந்து கைகளைத் தூக்கச் சொன்னார். வலது கை பாதியில் இறங்கியது. படம் எடுத்துப் பார்த்தால், குழாய் நூலாய்ச் சுருங்கிக் கிடந்தது. தொடை வழியாக மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, மருந்து விட்டு விரித்தார்கள். தாமதித்திருந்தால் அந்தக் கையும் பேச்சும் திரும்பியிராது என்றார் டாக்டர். இதை எழுதுவது அதே கைதான்.

அடக்கத்தன்று ஜெனி பாடினாள். குரல் மேலே ஏறும்போது தாடையைச் சற்றுத் தூக்கினாள். அப்படியே மதினி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நான் ஒத்துக்கொண்டால் அவர் பதறிப்போவார்.

அவர் விட்டுப்போன வழக்கை நான் வைத்துக்கொள்கிறேன். அந்தக் குரல் எங்க வம்சம்தான், மதினி.