நீட்டிய கை

என் மகள் செஜெப்பில் படிக்கிறாள். பள்ளிக்கூடம் முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் கல்லூரியை மொன்றியலில் அப்படித்தான் சொல்வோம். ஆசிரியையாக வேண்டும் என்பது அவள் விருப்பம். பயிற்சிக்காகக் கல்லூரி அவளை ஓர் ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பியது. விடிந்தால் முதல் வகுப்பு. பயத்தில் அவள் சாப்பிடவே இல்லை. என்னை மாணவனாக வைத்து ஒருமுறை படிப்பித்துப் பார்க்க நினைத்தாள்.

“அப்பா, நீங்கள்தான் ஏழு வயசுப் பிள்ளை. சேட்டை விடக்கூடாது.”

“ஓம் ரீச்சர்” என்று வேலைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தேன்.

நாற்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று கேட்டாள். அவசரத்தில் முப்பத்தைந்து என்றேன்.

“இல்லையே” என்று கோடு போடும் அடிமட்டத்துடன் கிட்ட வந்தாள். என் உள்ளங்கை தானாக நீண்டது.

“ஏனப்பா கையை நீட்டுறியள்?”

“பிழை விட்டால் அடி விழும்தானே, பிள்ளை. எங்களுக்கு அப்பிடித்தான்.”

அவள் அடிமட்டத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். “எப்பிடி முப்பத்தைஞ்சு வந்தது, சொல்லுங்கோ. பிழையான விடைக்குள்ளயும் பிள்ளையின்ர யோசனை இருக்கும், முதல்ல அதைக் கேக்கோணும் எண்டு கொலிஜில சொல்லித் தந்தவை.”

அடிக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

“ரண்டில ஏழு போகாதே. அதான் ஏழில ரண்டைக் கழிச்சன்.”

“பாத்தீங்களோ, யோசிச்சுத்தான் பிழை விட்டிருக்கிறியள்!” என்று சிரித்தாள். பிறகு தானே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

காலையில் சுவாமிப் படத்தின் முன் அவளுக்குத் திருநீறு பூசிவிட்டேன். வழக்கமாக அவளுக்காக மட்டும் கும்பிடுவேன். அன்று அவளுக்குப் படிப்பிக்கிறவர்களுக்காகவும் கும்பிட்டேன். அவர்களில் ஒருவரையும் நான் கண்டதில்லை.