குருவிக்கு மஞ்சள் பூசினேன்

ஆப்பிரிக்கக் குருவி, ஒரு ஜோடி என்று சொல்லித்தான் கடை அண்ணாச்சி கொடுத்தார். மில்லர்புரம் வீட்டுக்கு வந்து கூண்டில் விட்டுப் பார்த்தால், ஆண் குருவியின் தொண்டையில் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை சிவப்பு. வெட்டுக்காயம் என்றே நினைத்து மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டேன். அது அந்த இனத்து ஆணின் பிறவி அடையாளம், பெயரே 'கட் த்ரோட் ஃபின்ச்', அதாவது வெட்டுத்தொண்டைக் குருவி, என்பது பிறகுதான் தெரிந்தது. என் கணவர் ஒரு வாரம் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்கட்டும். எனக்கு வேண்டியது குஞ்சுகள். முதல் ஈட்டு முட்டைகளில் மூன்று பொரித்தன. மூன்றாம் நாள் கூட்டுக்கு வெளியே செத்துக் கிடந்தன. இரண்டாம் ஈட்டிலும் அதே கதை. இரைக்குக் கோழிமுட்டையை அவித்து வைத்தேன். தாய் சீண்டவே இல்லை. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள் நான். செத்த குஞ்சுகளைக் காகிதத்தில் எடுத்தபோது என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அன்றே உட்கார்ந்து படித்தேன். காய்ந்த புல்வெளிகளில் வாழும் குருவி. கூடு கட்ட மெனக்கெடாமல், பெரும்பாலும் வேறு குருவிகள் விட்டுப்போன கூட்டில் முட்டையிடும். புல்விதைதான் ஆகாரம். ஆனால் குஞ்சு பொரித்துவிட்டால் கரையான் தேடிப் போகும்.

கரையானுக்காக நான் அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் வாசல் நிலையிலேயே இருந்தது. என் மாமனார் ஆசையாகப் போட்ட தேக்கு நிலை. சனிக்கிழமை மருந்தடிக்கக் கணவர் ஆள் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் ஈடு பொரித்தது, இந்த முறையும் மூன்று குஞ்சுகள்.

"மருந்து வேண்டாங்க. குஞ்சு பறக்குற வரைக்கும் பொறுங்க."

"ஏளா, குருவிக்காக வீட்டயே தின்னக் குடுப்பியா? எங்கப்பா போட்ட நிலைளா!"

"மருந்து பட்ட கரையானத் தின்னா குஞ்சு செத்துப்போவும். மூணு வாரந்தான்."

மருந்துக்காரர் வந்தபோது நிலையை மறித்து நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காலையும் மாலையும் நிலையின் மண்பூச்சைச் சுரண்டிக் கரையானைக் கிண்ணத்தில் தட்டினேன். தாயும் தகப்பனும் பாய்ந்து வந்து அள்ளிக்கொண்டு கூட்டுக்குள் போயின. மூன்றாம் நாள் கூண்டருகே போகவே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே கீச்சுச் சத்தம் கேட்டது. நான்காம் நாளும் கேட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கணவர்தான் கத்தினார்.

"ஏளா, ஓடியா! மூணும் வெளிய வந்துட்டு. ஒண்ணுக்குக் கழுத்துல ரத்தம், மஞ்சளக் கொண்டா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். குச்சியில் மூன்றும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றின் தொண்டையில் வெளிறிய சிவப்புக் கோடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. முகத்தைத் துடைத்துக்கொண்டு மருந்துக்காரரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். கணவர் என் கையிலிருந்து அதை வாங்கி வைத்தார்.

"பொறுளா. அடுத்த ஈட்டுக்குக் கரையான் வேணும்லா?"