கண்ணுச்சாமி கையிலிருக்கும் குமிழ்

இடது கை ரேடியோக் குமிழில், வலது கை கல்லாப்பெட்டியில். நாகசுரம் முடியப்போகிற இடம் கண்ணுச்சாமிக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். செய்தி வாசிப்பவர் தொண்டையைச் செருமுவதற்குள் குமிழ் திரும்பிவிடும். டில்லிக் குரல் கொசுச் சத்தமாகச் சுருங்க, நம் ஆளின் குரல் கிளம்பும்: “கேளுங்கப்பா! பர்மாப் பக்கம் குண்டு போட்டிருக்கானாம். நம்மூருக்கு ஒண்ணுமில்ல. இட்டிலி ஆறுது, சாப்பிடுங்க!”

திருமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே காப்பிக் கிளப் வைத்திருக்கிறார். பஸ்ஸிலிருந்து கழற்றிய பேட்டரியில் ரேடியோ ஓடுகிறது. பருத்தித் தரகர்களும் வண்டிக்காரர்களும் காலையில் இங்கே கூடுவது தன் காப்பிக்காகத்தான் என்று அவர் மனைவி தங்கப்பொண்ணு நம்புகிறாள். மதுரை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நான் அந்தக் காப்பியைத் தினமும் குடிப்பவன். பாட்டுக்காகத்தான் வருகிறார்கள்.

வெறும் பாட்டாகப் போனால் மயங்கி உட்கார்ந்துவிடுவார்களாம், இரண்டாவது காப்பி கேட்க மாட்டார்களாம். வெறும் பேச்சாகப் போனால் முதல் காப்பியோடு எழுந்துவிடுவார்களாம். “ரெண்டையும் கலந்து குடுக்கணும் சார். பால் எம்புட்டு, டிக்காசன் எம்புட்டுன்னு கை சொல்லும்” என்கிறார். என்ன தெனாவெட்டு! ரேடியோ நிலையத்துக்காரர்கள் உங்களிடம் வந்து கற்றுக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று ஒருநாள் சீண்டினேன். “வரச்சொல்லுங்க” என்று பதில் வந்தது.

பாட்டுகளையும் இவரே பொறுக்கி எடுத்து வைக்கிறார் என்று நம்புகிறவர்கள் உண்டு. பஸ் கண்டக்டர் விருமாண்டி அதில் ஒருவர். “அண்ணே, நேத்து ஒரு அம்மா பாடுச்சே, அதையே நாளைக்கும் வைங்க” என்பார். “சொல்லி வைக்கிறேன் மாப்ள” என்பார் கண்ணுச்சாமி, சிரிக்காமல். மறுநாள் எந்த அம்மா பாடினாலும் விருமாண்டிக்குப் பெருமை தாங்காது.

இந்தச் சாமர்த்தியம் ஒரே ஒருத்திக்காக மட்டும் வேறு விதமாக வேலை செய்யும். கடைக்குப் பால் ஊற்றும் சீனியம்மாளின் ஒரே மகன் சோணைமுத்து பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனவன். மாதக்கணக்கில் தகவல் இல்லை. பாலை ஊற்றிவிட்டு, செய்தி முடியும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள். சிங்கப்பூர் என்ற பேச்சு வந்தால் குமிழ் இன்னும் இறங்கும், கண்ணுச்சாமியின் குரல் இன்னும் ஏறும். “உன் மவன் இருக்கிற பக்கம் ஒரு ஈ காக்கா நுழைய முடியாது ஆத்தா. போய் வேலையைப் பாரு.” பச்சைப் பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தலையாட்டிவிட்டுப் போவதைப் பார்த்தால், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்றும் தோன்றும்.

மாசி பிறந்த சில நாளில் ஒரு காலை. நாகசுரம் முடிந்து செய்தி தொடங்கியது. சிங்கப்பூர் என்ற சொல் வந்ததும் வழக்கம்போலக் குமிழ் இறங்கியது. கண்ணுச்சாமி வாயைத் திறந்தார்.

“சத்தத்தைக் கொறைக்காதப்பா” என்றாள் சீனியம்மாள். “நீ தெனமும் கொறைக்கிறது எனக்குத் தெரியாதாக்கும்? நீ சொல்றதைக் கேட்டுட்டுப் போனா அன்னைக்குப் பொழுது ஓடும், அதான் போனேன். இன்னைக்கு ரேடியோக்காரன் சொல்றதைக் கேக்கணும். கூட்டு.”

“பாட்டு எப்பண்ணே?” என்றார் விருமாண்டி, விஷயம் புரியாமல்.

“சும்மா இருடா!” கண்ணுச்சாமி குமிழை முழுக்கத் திருகினார்.

சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்துவிட்டது என்ற செய்தி கடை முழுக்க நிறைந்தது. இட்டிலியைப் பிட்ட கைகள் அப்படியே நின்றன. அந்தச் செய்தித் தமிழில் பாதி சீனியம்மாளுக்குப் பிடிபடவில்லை.

“என்னப்பா சொல்றான்? எம்புள்ள இருக்கானா?”

“ஊரு விழுந்துருச்சு ஆத்தா. நம்ம பட்டாளம் துப்பாக்கியைக் கீழ போட்டுருச்சாம். அவன் இருக்கானா என்னான்னு… தெரியல ஆத்தா. எனக்குத் தெரியல.”

அந்த மனிதர் வாயிலிருந்து ‘தெரியல’ என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. சீனியம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி முடிந்தது. அதே சத்தத்தில், கடை அதிர, அடுத்த பாட்டு கிளம்பியது. கண்ணுச்சாமியின் கை குமிழுக்குப் போகவில்லை. கல்லாவை விட்டு இறங்கி வாசலுக்கு வந்து, தெருப் புழுதியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.