இடக்கைக் காப்பு

என் மனைவி சிவமணியைப் பற்றி வெள்ளவத்தையில் யாரிடம் கேட்டாலும் "தங்கமான மனுசி" என்பார்கள். அவர்கள் யாரும் அவளோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தவில்லை. அந்தத் தங்கத்துக்குப் பிடிவாதம் வந்தால் கடவுளே இறங்கி வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

எங்கள் ஒழுங்கையில் பாதிப் பெண்களின் பிளவுஸ் அவள் தைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு தையல் மெஷினும் அந்த வாயும்தான். மீன்காரனோடு சண்டை பிடித்தே சிங்களம் படித்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் தையலை விடவில்லை. திங்களும் வியாழனும் கொட்டாஞ்சேனையில் ஒரு மெஷின் அவளுடைய இரத்தத்தைச் சுத்தம் செய்யும். மற்ற நாட்களில் வீட்டு மெஷினை இவள் மிதிப்பாள்.

அந்த டயாலிசிஸ் மெஷினைப் பற்றி எனக்கு இப்போது கனவிலும் தெரியும். உடம்பை விட்டு வெளியே வந்த இரத்தம் குழாய்க்குள் உறையத்தான் பார்க்கும். உறையாமல் இருக்க ஹெப்பரின் என்று ஒரு மருந்து கொடுப்பார்கள். மருந்து மட்டும் போதாது, இரத்தம் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். அதற்காக ஒப்பரேஷன் செய்து கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துவிடுவார்கள். தொட்டுப் பார்த்தால் தோலுக்குக் கீழே பூனை உறுமுவது போல இருக்கும். சிவமணிக்கு வலது கையில் செய்தது சரிவரவில்லை. இடது கைதான் மிச்சம். அதுவும் அடைத்தால் கழுத்தில் குழாய் போட வேண்டும், அவளுடைய உடம்பு அதைத் தாங்குமோ தெரியாது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தக் கையில் மணிக்கூடு கூடாது, வளையல் கூடாது, இறுக்கமாக ஒன்றுமே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு!

போன ஐப்பசியில் கேதார கௌரி விரதம் வந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து, புருஷன் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வருடம் தவறாமல் பிடித்த விரதம். "இந்த முறை பட்டினி கிடந்தால் நான் வீட்டை விட்டுப் போய்விடுவேன்" என்று சத்தம் போட்டேன். "சரி, இருக்கேல்லை" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அங்கேயே நான் உசாராகியிருக்க வேண்டும்.

தீபாவளி கழிந்து வந்த வியாழக்கிழமை புதுப் பிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தாள். முழங்கை வரை நீட்டுக் கை.

"என்ன, இந்த வெக்கைக்கு நீட்டுக் கை?"

"அங்க ஏசி குளிருதப்பா."

கொட்டாஞ்சேனையில் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே மெஷின் கத்தத் தொடங்கியது. தாதி நஸீறா ஓடி வந்து அமத்தினாள். மறுபடியும் கத்தியது. இரத்தம் போகிற பில்டரைப் பார்த்தேன், சிவப்பு கறுத்துக்கொண்டு வந்தது. அது முழுதாக உறைந்தால் உள்ளே இருக்கும் இரத்தம் குப்பைக்குத்தான் போகும். இவளுக்கு ஏற்கனவே உடம்பில் இரத்தமில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஹெப்பரின் போட்டீங்களா, இல்லையா? நோயாளியைச் சாகக் குடுக்கத்தான் இந்த இடத்தைத் திறந்து வச்சிருக்கிறியளா?"

"கத்தாதீங்க அங்கிள். ஹெப்பரின் எல்லாம் சரியாத்தான் போட்டீக்கேன்" என்றாள் நஸீறா. உப்புத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினாள். ஊசியைத் திருப்பிப் பார்த்தாள். "உடம்புக்குத் திரும்பிப் போற பக்கம் பிரஷர் ஏறுது. மேல எங்கயோ அடைக்குது."

அவளுடைய விரல்கள் ஊசியிலிருந்து மேலே மேலே தடவிக்கொண்டு போயின. பிளவுஸ் கையைத் தொட்டதும் சிவமணி வலது கையால் அதை இழுத்துப் பிடித்தாள்.

"அங்க ஒண்டுமில்லை, பிள்ளை."

நான் அந்தக் கையை விலக்கித் துணியை மேலே தூக்கினேன். புஜத்தில் மஞ்சள் நூல். குளித்துக் குளித்து முறுகி, வீங்கிய சதைக்குள் புதைந்து கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள்!

"உனக்கென்ன விசரே?"

"விரதம் இருக்கேல்லைத்தானே. காப்பு மட்டும்தான் கட்டினனான். ஊசி குத்துற இடத்தில கூடாதெண்டு ஐயரிட்டச் சொல்லி மேல கட்டுவிச்சனான்."

"வலக்கை சும்மாதானே கிடக்குது!"

"பொம்பிளையளுக்கு இடக்கைதான். மாறிக் கட்டினா பலிக்காது."

நஸீறா கத்தரிக்கோலை எடுத்தாள். "ஆன்டி, இத வெட்டணும்."

"வெட்டக் கூடாது! வருசம் முடியாமல் வெட்டினா அவருக்குத்தான் ஆகாது."

நஸீறாவின் கை நின்றுவிட்டது. மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. மெஷினில் கிடக்கிறவள் இவள், நீண்ட ஆயுள் எனக்கா? இவள் இல்லாமல் அந்த ஆயுளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கத்தரிக்கோலைப் பறித்து ஒரே வெட்டில் நூலை வெட்டினேன். சிவமணி என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அழுத்தம் இறங்கி, மெஷின் வாயை மூடியது. பில்டர் மட்டும் தப்பவில்லை. நஸீறா அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று பூட்டினாள். அவளுடைய இடது மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். பூனை உறுமியது.

சிவமணி வலது கையால் கட்டிலைத் துழாவி, அறுந்த நூலை எடுத்தாள்.

"கையை நீட்டுங்கோ."

"எனக்கு இதெல்லாம் வேண்டாம்."

"நீட்டுங்கோ எண்டுறன்! ஆம்பிளையளுக்கு வலக்கை."

கோயில் படி மிதிக்காத நான் நீட்டினேன். இடது கையை அவள் அசைக்க முடியாது. ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்து, மறு நுனியை ஒற்றைக் கையால் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இனி உங்கட உயிரை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நல்லாய் இறுக்கிக் கட்டிவிட்டாள், பாவி. இன்றைக்கும் உறுத்துகிறது. கழற்ற மாட்டேன்.