பல்லிக்கும் சஹர் சாப்பாடு

ஐம்பத்தைந்து கிராம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரெஸ்டட் கெக்கோ என்பது கண்ணுக்கு மேலே முள்வரிசை வைத்த, பழம் தின்னும் வளர்ப்புப் பல்லி. வளர்ந்தது ஒன்று அந்த எடைக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேலே ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் லத்தீஃபா வீட்டுப் பல்லி 2007 அக்டோபர் கடைசியில் அறுபத்தெட்டு கிராம் இருந்தது. பெயர் டோஃபி. மகள் இன்ஷாவின் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கி, சமையலறையில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்தது.

லத்தீஃபாவின் வேலையே எடை போடுவதுதான். மருந்துக் கம்பெனி ஆய்வகம். மில்லிகிராம் பிசகினால் மாத்திரைகளை மொத்தமாக நிறுத்திவைப்பாள். வீட்டில் எல்லாம் கண்ணளவு.

டோஃபியின் வயிற்றைத் தடவிப் பார்த்த கால்நடை டாக்டரம்மா, இப்படியே போனால் ஈரல் கெட்டுச் செத்துவிடும் என்றார். பொடித் தீனியைத் தண்ணீரில் கரைத்து ஒருநாள் விட்டு ஒருநாள், பாட்டில் மூடியளவு. வேறு எதுவும் கூடாது. வீடு வரைக்கும் காரில் இன்ஷா அழுதாள்.

மூன்று வாரம் கழித்து சமையலறைத் தராசை எடுத்தார்கள். ஐந்து சென்ட் காசு சரியாக ஐந்து கிராம். அதை வைத்துத் தராசைச் சரிபார்த்துவிட்டு டோஃபியை ஏற்றினாள் லத்தீஃபா. அறுபத்தொன்பது.

இன்ஷா அப்பன் பக்கம் திரும்பினாள். "வாப்பா, யூ டிட் திஸ்!"

"நானா?" என்றான் சிராஜ். "எனக்கே லஞ்சுக்கு இலை தழைதான் கட்டுறா உங்க உம்மா. பல்லிக்கு நான் எங்கேருந்து போடுறது?"

லத்தீஃபா கழுவிய கப்பையே திரும்பக் கழுவினாள். "ஒரு ஸ்பூன்தான். வாழைப்பழத்துல பேரீச்சம்பழம் மசிச்சு."

"எப்ப?"

"நோன்புல ஆரம்பிச்சதுங்க. விடியுமுன்ன சஹர் சாப்பிட எந்திரிச்சா கண்ணாடில ஒட்டிக்கிட்டு என்னையே பாக்குது. பாக்க வெச்சுட்டு எப்படித் திங்கிறது?"

"நோன்பு முடிஞ்சு பெருநாளும் போயாச்சே!"

"அதுக்குத் தெரியுமா? காலைல டீ குடிக்கும்போதும் பாக்குது."

"ஊர்ல பல்லியக் கண்டா வெளக்குமாத்தத் தூக்குவ. இங்க வந்து விருந்து வெக்கிறியா?"

"உம்மா," என்றாள் இன்ஷா, "ஷீ ஹேஸ் நோ ஐலிட்ஸ்! சுவரையும் அப்படித்தான் பாக்கும்."

இமையே கிடையாது. மூட வழியில்லை. லத்தீஃபா டோஃபியைப் பார்த்தாள். டோஃபி ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதே ஏக்கத்தோடு.

விஷயம் தெரிந்துவிட்டால் கை நிற்கும் என்று யாரும் நினைக்கவேண்டாம். மறுநாள் காலையில் கண்ணாடியில் அதே முகம். "உனக்கு இல்ல. டாக்டர் சொல்லிட்டாங்க," என்றாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பிடரி குறுகுறுத்தது. கை தானாக வாழைப்பழத்துக்குப் போனது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, ரொட்டியை டப்பாவில் அடைத்துப் பையில் போட்டுக் கிளம்பிவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுக்குக் காலைச் சாப்பாடு கம்பெனி பார்க்கிங் லாட்டில், ஹீட்டர் போட்ட காருக்குள். ஒருநாள், உடன் வேலை பார்க்கும் கஸ்தூரிரங்கன் கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன மேடம், வீட்டுல சண்டையா?"

"இல்ல சார். பல்லி."

அவர் காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் மறுபடி டாக்டரிடம் போனார்கள். இன்ஷா கண்ணை இறுக மூடிக்கொண்டு உம்மாவின் கையைப் பிடித்தாள். டாக்டரம்மா டோஃபியைத் தராசுத் தட்டில் வைத்தார். லத்தீஃபா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எண் ஓடுவதை மட்டும் பார்த்தாள். ஓடி நின்றது.

ஐம்பத்து மூன்று கிராம்.