ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை சைபர்

மணி பார்க்கத் தெரியாத கம்ப்யூட்டருக்கு மணி பார்க்கச் சொல்லிக் குடுக்கிறதுதான் என் தொழில். கோவில்பட்டியில இதுக்கு ‘ஷீட் போடுறது’ன்னு பேரு. யாரு எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, நடுவுல எவ்வளவு நேரம், அதுல பகல் ஷிப்ட் எவ்வளவு, ராத்திரி ஷிப்ட் எவ்வளவுன்னு ஃபார்முலா போட்டுக் கூட்டிக் குடுக்கணும். கட்டத்துல சமக்குறி போட்டு, என்ட்டர் தட்டிட்டு, என்ன வந்து தொலையப்போகுதோன்னு கண்ணை மூடிக்கிட்டவங்க யாராவது இதைப் படிச்சா, வாங்க, நீங்க நம்ம ஆளு.

பசுவந்தனை ரோட்டுல ஒரு தீப்பெட்டி கம்பெனி. அறுபது பேரு, ரெண்டு ஷிப்ட். பகல் எட்டு மணியில இருந்து நாலு, ராத்திரி பத்துல இருந்து ஆறு. ராத்திரி ஷிப்ட்டுல ஐநூறு மணி நேரம் முடிச்சவங்களுக்கு, பகல் ஷிப்ட்டுல இடம் காலியானா முதல் உரிமைன்னு முதலாளி சொல்லிட்டாரு. அந்த ஐநூறை எண்ணுறதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. முன்னாடி நான் கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்ததால அங்க எல்லாருக்கும் நான் டீச்சர். வாத்தியார் வேலையை விட்டாலும் அந்தப் பேரு விடலை.

முதல் நாளே ராத்திரி மெஷின் பார்க்கிற சண்முகையா வந்து நின்னாரு. பொண்டாட்டி தவறி ரெண்டு வருஷம். எட்டாவது படிக்கிற மகள், எப்போதும்வென்றான் கிராமத்து வீட்டுல ராத்திரி தனியா படுத்துக்கிடுது. அவருக்குப் பகல் ஷிப்ட் வேணும். அவ்வளவுதான் அவரு உலகத்துல கேக்குறது. நான் பெரிய இவ மாதிரி நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, “கம்ப்யூட்டர் பாத்துக்கிடும், நீங்க கவலையே படாதீங்க”ன்னேன். அவரு சொன்னாரு: “நீங்க சொன்னா சரி டீச்சர். பிள்ளைகிட்ட அப்படியே சொல்லிருதேன்.”

புள்ளிக்காரர்

கேட்டுல நேரம் எழுதுறவரு காஜா பாய். அழகான கையெழுத்து. நோட்டுல எழுதி, அப்புறம் ரெண்டு விரலால கம்ப்யூட்டர்ல தட்டுவாரு. சாயங்காலம் நாலுன்னா பதினாறுன்னு எழுதணும்னு நான் சொன்னதை ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டாரு. நான் அசந்துபோனேன். மணிக்கும் நிமிஷத்துக்கும் நடுவுல ரெட்டைப் புள்ளி வைக்கணும்னு சொன்னதை மட்டும் அவரு காதுலயே வாங்கலை. முப்பது வருஷமா ஒத்தைப் புள்ளி வெச்ச கை அது.

கம்ப்யூட்டருக்கு ஒத்தைப் புள்ளின்னா அது நேரம் இல்லை, தசமம். ஒருத்தி எட்டு நாப்பதுக்கு வந்து நாலேகாலுக்குப் போனா. பதினாறு புள்ளி பதினஞ்சுல எட்டு புள்ளி நாப்பதைக் கழிச்சு, ஏழு புள்ளி எழுபத்தஞ்சுன்னு காட்டிருச்சு. அதாவது ஏழு மணி எழுபத்தஞ்சு நிமிஷம். “பாய், உலகத்துல எங்கயாவது எழுபத்தஞ்சாவது நிமிஷம் இருக்கா?”ன்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு, ஸ்கிரீனைப் பாத்துட்டு, அவரு நிதானமா சொன்னாரு: “பிள்ளைகளுக்குக் கூடத்தானம்மா வருது, குறையலைல்லா? பொறவு எதுக்கு அதைப் போயி நோண்டுதீங்க?”

ஆறு நாளும் உழைச்சா

புள்ளிகளை எல்லாம் ரெட்டையாக்கி, பகல் ஷிப்ட்டோட முதல் வாரத்துக் கூட்டலை நிமிஷத்தை விட்டு மணி மட்டும் காட்டுற மாதிரி போட்டு, முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நாளும் தவறாம ஆறு நாளும் வந்தவங்களுக்கு நேரா பூஜ்யம். அரை நாள் லீவு போட்டவருக்கு இருபது மணி.

காரணம் ரொம்பச் சாதாரணம். கட்டத்தை நான் கடிகாரமா வெச்சிருந்தேன். கடிகாரம் இருபத்துநாலு ஆனதும் மறுபடி சைபருக்கு வந்துரும். ஆறெட்டு நாப்பத்தெட்டு, ரெண்டு சுத்து சுத்திச் சைபர்ல வந்து நின்னுட்டு. கட்டத்தோட அமைப்பை மாத்தினா ஒரு நிமிஷத்துல சரியாகும், மாத்தவும் மாத்திட்டேன். ஆனா அதை விளக்குறதுக்குள்ள முதலாளிக்கு முகம் போன போக்கு இருக்கே. மூக்குக்கு மேல கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டுச் சொன்னாரு: “ஒழுங்கா வந்தவனுக்குச் சைபரு, லீவு போட்டவனுக்கு இருபது. ஏன் தாயி, இந்தப் பெட்டி முன்னாடி ஏதும் சர்க்கார் ஆபீஸ்ல இருந்துச்சா?”

திங்கக்கிழமை ஏழு இருபத்தஞ்சு

அடுத்தது திங்கக்கிழமை. பகல் ஷிப்ட் முழுக்க எட்டு மணிக்குத்தான் வேன்ல வந்து இறங்குது, என் கண்ணால பாக்கேன். நோட்டுல அத்தனை பேருக்கும் ஏழு இருபத்தஞ்சு. வாராவாரம் இதே கதை. பாயைக் கேட்டா, “அது முதலாளி உத்தரவும்மா”ன்னுட்டாரு.

திங்கக்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலம். வாரத்து முதல் எழுத்து அதுல விழக்கூடாதுன்னு முதலாளிக்கு ஒரு வைராக்கியம். அதனால ஆளு எட்டுக்கு வருவாங்க, எழுத்து மட்டும் ஏழு இருபத்தஞ்சுக்கே வந்து உக்காந்திருக்கும். அவரு ஆபீஸ் ரூம்ல தொங்குற தேதி காலண்டரைப் பாக்காம பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டாரு. நான், கிழமை திங்களா இருந்து ஷிப்ட்டும் பகலா இருந்தா முப்பத்தஞ்சு நிமிஷத்தைக் கழிச்சிருன்னு ஒரு நிபந்தனை போட்டேன். ராகுவை ஃபார்முலாவுல அடைச்ச முதல் ஆளு நானாத்தான் இருப்பேன். அதையும் முதலாளி எடுக்கச் சொல்லிட்டாரு. “எல்லாருக்கும் சும்மா ஏறுதே அண்ணாச்சி”ன்னா, பதில் இது: “ஏறிட்டுப் போவுது. முப்பத்தஞ்சு நிமிஷம்னா நான் தாங்கிக்கிடுவேன், ராகுவைத் தாங்க உங்க பெட்டியா வரப்போவுது?”

வேலி

இப்ப நான் செஞ்ச வேலைக்கு வாரேன். இதை யாரு தலையிலயும் கட்ட முடியாது.

ராத்திரிக் கணக்கைத் திறந்தா, சில வரிகள்ல நேரம் வர வேண்டிய இடத்துல முள்வேலி போட்ட மாதிரி குறுக்குக் கோடு குறுக்குக் கோடா நிக்குது. கழிச்சா மைனஸ் வருது, மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாம கம்ப்யூட்டர் வேலி அடைச்சிருக்கு. முதலாளி வேற பின்னாடி நின்னு, “என்னதும்மா இது, என்னதும்மா இது”ன்னு தொணதொணன்னுட்டு இருந்தாரு. பாய்தான் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மாத்தி எழுதியிருக்காருன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். புள்ளி விஷயத்துல அவரு மேல ஒரு கடுப்பு இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். மைனஸ் வந்தா சைபர்னு வெச்சுக்கோன்னு ஒரு ஃபார்முலாவை எழுதி, கீழ வரைக்கும் இழுத்துவிட்டேன். ஒரு வரியையாவது நோட்டோட வெச்சுப் பாத்தேனா? இல்லை.

வேலி எல்லாம் ஒரே நொடியில காணாமப் போச்சு. பாக்க லட்சணமா இருந்துச்சு. முதலாளிக்கு அப்படி ஒரு திருப்தி: “இப்பத்தான் தாயி ஷீட்டு பாக்குத மாதிரி இருக்கு. தெனமும் இப்படித் துப்புரவா வச்சுக்கிடுங்க.”

ஐம்பத்திரண்டரை

பன்னிரண்டு வாரம் ஓடிருச்சு. பகல் ஷிப்ட்டுல ஒருத்தர் வேலையை விட்டுட்டுப் போனாரு, ஒரு இடம் காலி. சனிக்கிழமை காலையில பட்டியல் கேட்டாங்க. ஷிப்ட் ராத்திரியா இருந்தா மட்டும் கூட்டுன்னு நிபந்தனை போட்டு, ஆளுவாரியா எடுத்துக் குடுத்தேன். முதல் ஆளு ஐநூத்திப் பத்து. அடுத்தவரு ஐநூத்தி ரெண்டரை. இப்படியே இறங்கி இறங்கி, கடைசி வரியில சண்முகையா, ஐம்பத்திரண்டரை.

எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா கம்ப்யூட்டர் சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் ஏது? முதலாளி பட்டியலை மேல இருந்து கீழ வரைக்கும் விரலை வெச்சுப் பாத்துட்டு, திங்கக்கிழமை முதல் ஆளு பகலுக்கு வரட்டும்னாரு. அப்புறம் கடைசி வரியில விரலை நிறுத்திச் சொன்னாரு: “இவன் ராத்திரி வேலைக்கு வாரேன்னு வீட்டுல சொல்லிட்டு எங்கன போயி படுத்துக்கிடுதான்?”

எழுபத்திரண்டு தாள்

மத்தியானம் சண்முகையா வந்தாரு. தூங்குற நேரத்துல எந்திரிச்சு, பஸ் ஏறி வந்திருக்காரு. “நான் குத்தம் சொல்ல வரலை டீச்சர், எங்க தப்பிப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க”ன்னாரு. நான் பாருங்க, என் வாய்க்கொழுப்பு, “ஷீட்டுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு கிடையாது, வந்தா ஏறும், வராட்டி ஏறாது”ன்னேன். அவரு ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை மேசையில வெச்சாரு. தேதி காலண்டர்ல கிழிச்ச தாளுங்க. வேலைக்குப் போன ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு தாள். விடிஞ்சு வீட்டுக்குப் போனதும் கிழிச்சு மகள்கிட்ட குடுத்திருக்காரு. பிள்ளை நீல மையில நம்பர் போட்டு வெச்சிருக்கு. ஒண்ணுல இருந்து எழுபத்திரண்டு வரைக்கும். இன்னும் எத்தனை ராத்திரின்னு எண்ணுறதுக்கு.

அதுல ஏழு தாள்ல மட்டும், ‘இடி, அப்பா போன்’னு எழுதியிருந்துச்சு. என்னன்னு கேட்டேன். இடி இடிச்சா பிள்ளை பயப்படும், அன்னைக்கு மட்டும் கேட்டுக்கு வெளிய போயி போன் பண்ணுவேன்னாரு. அந்த ஏழு தேதியை ஷீட்டுல தேடினேன். ஏழும் இருந்துச்சு, ராத்திரிக்கு ஏழரை மணி வீதம், மொத்தம் ஐம்பத்திரண்டரை. மத்த அறுபத்தஞ்சு ராத்திரியும் சைபர்.

அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. தீப்பெட்டி கம்பெனிக்குள்ள பீடி கூடாது, அடுப்பு கூடாது, போனையும் கேட்டுல குடுத்துட்டுத்தான் போகணும். டீ, பீடி, போன் எல்லாத்துக்கும் ராத்திரி பதினொண்ணேமுக்காலுக்குக் கேட்டைத் திறப்பாங்க, பன்னிரண்டேகாலுக்கு மூடுவாங்க. வெளிய போறவங்களுக்குப் பாய் ரெண்டு வரி எழுதுவாரு. பத்துக்கு வந்து பதினொண்ணேமுக்காலுக்குப் போனது ஒண்ணு, பன்னிரண்டேகாலுக்கு, அதாவது சைபர் பதினஞ்சுக்கு, வந்து ஆறுக்குப் போனது ஒண்ணு. நடுராத்திரி எந்த வரிக்குள்ளயும் விழாததால ரெண்டும் ஒழுங்காக் கழியும். டீக்கே போகாம மெஷினை விட்டு நகராத ஆளுக்கு ஒரே வரி. பத்துக்கு வந்தாரு, ஆறுக்குப் போனாரு. ஆறுல இருந்து பத்தைக் கழிச்சா மைனஸ். மைனஸ்னா சைபர்னு சொல்லி வெச்சது யாரு? நான்தான். பாயோட நோட்டுல ஒரு எழுத்து தப்பில்லை. எட்டு மணி நேரமும் நின்னவரைத் தேடிப் பிடிச்சு அழிச்சிருக்கேன், பிள்ளை பயந்த ராத்திரியை மட்டும் கணக்குல வெச்சிருக்கேன். வெக்கமாப் போச்சு.

போன நேரம் வந்த நேரத்தைவிடச் சின்னதா இருந்தா ஒரு நாளைக் கூட்டிக்கோன்னு மாத்தினேன். அவ்வளவுதான் வைத்தியம், பிளஸ் ஒண்ணு. சண்முகையா வரி கீழ இருந்து மேல ஏறிருச்சு. ஐநூத்தி எழுபத்திரண்டரை. முதலாளி ரூமுக்குப் போயி, தப்பு பாய் மேல இல்லை, சண்முகையா மேலயும் இல்லை, என் மேலன்னு சொன்னேன். முதலாளி ஃபார்முலாவை ஏறெடுத்தும் பாக்கலை. கட்டைப் பிரிச்சு எழுபத்திரண்டு தாளையும் ஒண்ணொண்ணாத் திருப்பினாரு. இடி தாள் வந்தப்ப கொஞ்சம் நிறுத்திப் படிச்சாரு. அப்புறம் ரப்பர் பேண்டைப் போட்டு என் கையில குடுத்துட்டுச் சொன்னாரு: “அந்தப் பிள்ளை போட்ட ஷீட்டுல தப்பு இல்லை. இனிமே உங்க ஷீட்டை அதுகிட்ட ஒரு தடவை காட்டிட்டு எங்கிட்ட கொண்டாங்க தாயி.”

பகல்

திங்கக்கிழமை எட்டு மணிக்குச் சண்முகையா பகல் வேன்ல வந்து இறங்கினாரு. காஜா பாய் அவருக்கும் ஏழு இருபத்தஞ்சு எழுதினாரு. நான் கேட்டுப் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன், மன்னிப்புக் கேக்கலாம்னு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, “பிள்ளை என்ன சொல்லுது?”ன்னு கேட்டேன். நல்லாத் தூங்குச்சுன்னாரு.

உள்ள போனவரு ரெண்டு எட்டு வெச்சுட்டுத் திரும்பி வந்தாரு. நக்கல் இல்லை, மனுஷன் நெசமாவே சந்தேகம் கேட்டாரு: “டீச்சர், நான் டீ குடிக்க மாட்டேன். பகல்லயும் சும்மா ஒரு நடை வெளிய போயிட்டு வந்துருதேன், என்ன? அப்பத்தான உங்க பெட்டிக்கு நான் இங்கன இருக்கது தெரியும்?”

ஆக, சக ஃபார்முலாக்காரங்களே, வெளிய போயி வந்தவங்களைக் கணக்குல கொண்டுவர ஆயிரம் வழி இருக்கு, இருந்த இடத்துலயே நின்னு வேலை பாத்தவரைக் கணக்குல கொண்டுவர எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளையும் தேதி காலண்டரும் வேண்டியிருக்கு.