துடுப்புக் காவலில் ஒரு வால்வு ரேடியோ

அம்பகரத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய என் நாத்தனார், கம்பளியில் சுற்றிய எதையோ இடுப்பில் அணைத்தபடி எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். தலத்தெருவில் இதெல்லாம் யார் கண்ணிலும் படாமல் போகாது. யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டம்மா பின்னால் வந்துவிட்டார். கம்பளியை விலக்கினால் உள்ளே ஒரு பழைய வால்வு ரேடியோ. அந்தம்மாவுக்கு முகமே விழுந்துவிட்டது.

"இது பாடணும்" என்றார் நாத்தனார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகளுக்கு நெடுங்காட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா அலமாரி மேலிருந்த ரேடியோவைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்க, இன்னும் பாடுது. உங்களது பாடுமா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி யோசிக்கவே இல்லையாம். "கணீர்னு பாடும். இன்னிக்குப் பாருங்க, கரண்டு இல்ல" என்று சொல்லிவிட்டார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த ரேடியோ வாய் திறந்ததில்லை.

"தை பொறந்ததும் தட்டு மாத்த வர்றாங்க. நீ பிசிக்ஸ்தானே சொல்லிக் குடுக்குற? சரி பண்ணிக் குடு."

பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் ஆசிரியை. கல்லூரியில் வால்வுகளை வைத்துச் செய்முறைப் பயிற்சி செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு வால்வு என்றால் எனக்குக் குக்கர் வால்வுதான். நான் யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில் அண்ணி ரேடியோவின் ஒயரை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். "சும்மா ஒரு தடவ சொருகித்தான் பாப்போமே."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா திரும்பவும் வந்துவிட்டார். பல வருஷம் சும்மா கிடந்த ரேடியோவுக்கு எடுத்த எடுப்பில் கரண்டு கொடுக்கவே கூடாது. உள்ளே கண்டன்சர்கள் கெட்டுப்போயிருக்கும், ஒயர் தோல் உதிர்ந்திருக்கும், புகை வரலாம், தீயும் பிடிக்கலாம். இதையெல்லாம் நான் அண்ணிக்குத்தான் சொன்னேன். ஆனால் வாசலில் வந்து நின்ற என் கணவர் முழுவதையும் கேட்டுவிட்டார்.

கரண்டு விஷயத்தில் அவர் ஒரு தனிப் பிறவி. பல்பு மாற்றுவதென்றால் மெயினை அணைப்பார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் மெயினையும் அணைக்கச் சொல்வார். அப்படிப்பட்டவர் அன்றைக்கே தன்னைப் பாதுகாப்பு அதிகாரியாக நியமித்துக்கொண்டார்.

பின்பலகையைத் திறந்தோம். உள்ளே ஒரு குளவிக் கூடு, அரிசி உமி, யாரோ தேடிக் கிடைக்காமல் விட்ட ஒரு சீப்பு. மூலையில் கனமான டிரான்ஸ்பார்மர் இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போனது. அது இல்லாத ரேடியோக்களில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டிலேயே நேரடியாகக் கரண்டு ஓடும். கணவருடைய சவரத் தூரிகையால் தூசியைத் துடைத்தேன். அது அவருக்கு மறுநாள் காலையில் தெரியவந்தது.

டிவி பழுது பார்க்கும் கடையில் சொல்லிவைத்து, சரியான வோல்ட் தாங்கும் கண்டன்சர்கள் வாங்கினேன். மெழுகு வடிந்த பழையவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தேன். துணி சுற்றிய ஒயரைத் தொட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கியது. அதை மாற்றி, ஃபியூஸும் எர்த்தும் கொடுத்தேன். கொல்லையில் ஏரியல் கம்பி கட்டினேன். கட்டிய அன்றே அண்ணி அதில் பாவாடை உலர்த்தினார்.

கடைசியாக ஒரு பலகையில் நூறு வாட் பல்பைப் பொருத்தி, கரண்டு அந்தப் பல்பு வழியாகவே ரேடியோவுக்குப் போகும்படி செய்தேன். உள்ளே ஏதாவது கோளாறு என்றால் பல்பு பளிச்சென்று எரிந்து ரேடியோவைக் காப்பாற்றிவிடும். பாதுகாப்பு அதிகாரிக்கு இதில் சந்தேகம் வந்தது.

"பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா?"

"தப்பு."

"எரியவே இல்லன்னா?"

"அதுவும் தப்பு."

"அப்ப எதுதான் சரி?"

"முதல்ல நல்லா எரிஞ்சு, அப்புறம் மங்கணும்."

"இப்புடி ஒரு பல்பு இருந்தா கடையில திருப்பிக் குடுத்துடுவோமேம்மா" என்றார்.

விதிகள் எல்லாம் நான் சொன்னவைதான். ரப்பர் செருப்பு போட வேண்டும். மரப்பலகை மேல் நிற்க வேண்டும். வளையல் மோதிரம் கூடாது. ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் தொட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாயும். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் மெயினை அணைக்க வேண்டும், முடியாவிட்டால் உலர்ந்த மரத்தால் தள்ளிவிட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கடைசியில் சொன்னதை மட்டும் என் கணவர் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தூரிலிருந்து அவருடைய நண்பர் வந்தார். சொந்தப் படகு வைத்திருப்பவர். பைக்கில் குறுக்காக ஒரு துடுப்பு.

"எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறான், தங்கச்சி. ஒங்க தெருவுல எல்லாரும் ஒதுங்கி வழிவுட்டாங்க" என்றார்.

"ஏங்க, நம்ம வீட்டுல விறகுக் கட்டையே கிடைக்கலையா?" என்றேன்.

"நீளமா இருந்தாதானே எனக்கு ஷாக் அடிக்காது!"

கூடம் தயாரானது. மேசைமேல் ரேடியோ. பலகைமேல் செருப்போடு, ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு நான். எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, அகலக் குண்டானில் இட்லி மாவுக்கு உப்பு போட்டுக் கரைத்தபடி அண்ணி. கூடத்தின் அந்தக் கோடியில் துடுப்போடு என் கணவர். வாசற்படியில் வேடிக்கை பார்க்க நண்பர்.

சுவிட்சைப் போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்த நேரம் பார்த்து, எவ்வளவு தட்டியும் வெளியே வராமல் ரேடியோவுக்குள் குடியிருந்த கரப்பான் ஒன்று ஓடிவந்து என் கையில் ஏறி ஜாக்கெட்டுக்குள் போனது. நான் அலறிக்கொண்டு உதறினேன்.

"ஷாக்கு! ஷாக்கு!" என்று கத்தியபடி கணவர் துடுப்பால் ஒரே தள்ளு.

அண்ணி சட்டென்று நகர்ந்துகொண்டார். மாவு நகரவில்லை. நான் குண்டானில் உட்கார்ந்தேன்.

"போயிடுச்சா?" என்று அங்கிருந்தே கேட்டார் கணவர். "இன்னொரு தடவ தள்ளவா?"

"கரப்பாங்க!"

"என்னது?"

"கரப்பான் பூச்சிங்க!"

"மாவு போச்சே" என்றார் அண்ணி.

இந்தக் கூத்தில் பல்பு மங்கியதை நாங்கள் கவனிக்கவில்லை. ரேடியோவின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் ஏறியிருந்தது. மெல்ல ஓர் உறுமல் கேட்டது. பிறகு கம்பீரமான ஓர் ஆண்குரல், "கடல் சீற்றத்துடன் காணப்படும் என்பதால் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்றது.

நண்பர் எழுந்து வந்து என் கணவர் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டார். "சொல்லிட்டாங்கல்ல, குடுடா" என்றார். மாவுக்குள் உட்கார்ந்தபடியே நான் சிரித்த சிரிப்பில் கரப்பானும் தானாக வெளியேறியது. எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. அன்று முழுவதும் ரேடியோ பாடியது. காலைப் பலகாரத்துக்கு உப்புமா சாப்பிட்டோம்.

தை மாதம் தட்டு மாற்றும் நாளில் அம்பகரத்தூரில் கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்ததுமே ரேடியோவைத்தான் பார்த்தார். அண்ணி எழுந்தார். பட்டுப் புடவையோடு ரப்பர் செருப்பை மாட்டினார். வளையல்களைக் கழற்றினார். மணைமேல் ஏறி, இடது கையை முதுகில் வைத்து, வலது கையால் சுவிட்சைப் போட்டார். சரிபார்த்து மூடிய ரேடியோவுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். சம்பந்தி வீட்டாருக்கு விஷயம் தெரியாது. குலதெய்வ வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வால்வு சூடேறும்வரை எல்லோரும் ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றோம். ரேடியோ உரம் போடும் முறையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் உட்கார்ந்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் தனியாக அழைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்க வீட்டு ரேடியோ பாடுதுன்னு சொன்னேன்ல, அது என் காலத்துல பாடுனதே இல்ல. கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் பாத்துத் தர முடியுங்களா?"

மறுவாரமே அது எங்கள் கூடத்துக்கு வந்தது. திறந்து பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் இல்லை. கல்யாண வீட்டில் குழந்தை குட்டிகள் கைவைக்கும், இது வேண்டாம், அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சுவரில் செருக முடியாதபடி அதன் ஒயரை அடியோடு வெட்டித் திருப்பி அனுப்பினேன். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. பாட்டரியில் ஓடும் சின்ன எஃப்எம் ரேடியோ ஒன்றை அந்தப் பெட்டிக்குள் ஒளித்துவைத்து, கல்யாணத்தன்று கூடத்தில் பாட விட்டார்.

அண்ணி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என்ன இருந்தாலும் அவங்களுதுதான் தெளிவா இருக்கு. நீ நம்மளுத ஒழுங்கா பாக்கல."